தானாகச் சூடேறிய வண்டி

என் ஷெட்டுக்கு வருகிற வண்டிகள் எல்லாம் தானாகத்தான் கெட்டுப்போகின்றன. இருபது வருஷத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "தானா நின்னுடுச்சு." "தானா புகை வருது." "ஒண்ணும் பண்ணல, தானா கியரு வுழ மாட்டேங்குது." பெட்ரோல் வண்டியில் டீசலை ஊற்றிக்கொண்டு வந்த ஒருவர்கூட இதையேதான் சொன்னார். டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்தார். அந்த ஒரு சொல்லைக் கேட்டாலே எனக்கு உச்சந்தலைக்குச் சூடு ஏறிவிடும். செய்ததைச் சொல்லிவிட்டால் பத்து நிமிஷத்தில் முடிகிற வேலை, சொல்லாததால் மூன்று நாள் இழுக்கும். அந்த மூன்று நாளும் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பவன் நான்.

ஷெட், செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் இருக்கிறது. பின்னாலேயே வீடு. எட்டாவது வரைக்கும் படித்தேன். பிறகு சென்னையில் வெளிநாட்டு வண்டிகள் பார்க்கிற ஒரு ஒர்க்‌ஷாப்பில் பன்னிரண்டு வருஷம் இருந்தேன். அங்கே கற்றதுதான் இன்றைக்குச் சோறு போடுகிறது. கடலோரம் பங்களா வைத்திருப்பவர்கள் சிலர், கம்பெனி சர்வீஸுக்குக் காத்துக்கிடக்கப் பொறுமை இல்லாமல், என்னிடம் வண்டியைக் கொண்டுவருவார்கள்.

நான் சொல்ல வந்த வண்டி நெம்மேலிக்குப் பக்கத்தில் ஒரு பங்களாவில் நிற்பது. அதன் முதலாளி சென்னையில் இருப்பவர், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வந்து ஓட்டுவார். ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு. இன்ஜின் சீட்டுக்குப் பின்னால். முன்பக்க மூடியைத் திறந்தால் ஒரு பெட்டி வைக்கிற பள்ளம்தான் இருக்கும். ஆனால் ரேடியேட்டர் மட்டும் முன்னால் இருக்கிறது. பம்பரின் வலது ஓரத்தில் ஒன்று, இடது ஓரத்தில் ஒன்று. பம்பரில் வாய் மாதிரி இரண்டு திறப்பு. ஓடும்போது காற்று அந்த வாய் வழியாகப் புகுந்து ரேடியேட்டரைக் குளிர வைக்கும். நின்றால் உள்ளே இருக்கிற ஃபேன் காற்றை இழுக்கும். இதைத் தெரிந்துகொண்டால் போதும், மற்றதை நான் சொல்லிக்கொண்டே வருகிறேன்.

வாரம் முழுக்க அந்த வண்டியைத் துடைத்து, மூடி, பார்த்துக்கொள்வது டிரைவர். சதுரங்கப்பட்டினத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயசு சின்னவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலயத்துக்குப் போகாமல் வேலைக்கு வரமாட்டார், அதை முதலாளியிடம் முதல் நாளே சொல்லிவிட்டுத்தான் சேர்ந்தார். முன்பு மீன் லோடு ஓட்டியவர். இடுப்பு போய்விட்டது, பெரிய வண்டியில் ஏற முடியாது. பெரிய பெண் நர்ஸிங் இரண்டாவது வருஷம், சின்னவள் பள்ளிக்கூடம். "இந்த வண்டி ஓடற வரைக்கும் எங்க வூட்டு அடுப்பு எரியும் அண்ணாத்த" என்று ஒருமுறை டீ குடிக்கும்போது சொல்லியிருக்கிறார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

போன மார்கழி. கார்த்திகை முதல் தேதியே நான் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தேன், பதினெட்டாவது வருஷம். மாலை போட்டவன் செருப்பு போடக் கூடாது, கவிச்சி கூடாது, கெட்ட வார்த்தை கூடாது, கோபம் கூடாது. பார்க்கிற எல்லாரையும் "சாமி" என்றுதான் கூப்பிட வேண்டும். அவர்களும் நம்மை அப்படித்தான் கூப்பிடுவார்கள். செருப்பும் கவிச்சியும் எனக்குச் சுலபம். கோபம்தான் ஆகாது. என் மனைவி சொல்வாள், "வாயிலதான் சாமி, மூக்குல நெருப்பு." அது உண்மைதான். விரதத்தில் நான் ஆட்களைத் திட்டுவது நின்றதில்லை. ஒவ்வொரு திட்டுக்குப் பின்னாலும் ஒரு சாமி சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

ஒரு திங்கட்கிழமை காலை டிரைவர் வண்டியைக் கொண்டுவந்தார். நெம்மேலியிலிருந்து இங்கே வர மூன்று இடத்தில் நிறுத்தி ஆறவைத்திருக்கிறார்.

"இன்னா சாமி, இன்னா ஆச்சு?" என்றேன்.

"சூடாவுது சாமி. நேத்து சாரு கோவளம் வரிக்கும் போயிருக்காரு. திரும்பி வரச்சொல்ல சூடு காட்ற முள்ளு சேப்புக்குப் போயிடுச்சாம். நான் வண்டில இல்ல. ஃபோன் வந்துச்சு, போனேன்."

"நீ இன்னா பண்ண?"

"நான் ஒண்ணும் பண்ணல சாமி. தானா சூடாவுது."

அந்தச் சொல் வந்ததும் என் காது அடைத்துக்கொண்டது. கூலன்ட் டப்பாவைத் திறந்து டார்ச் அடித்தேன். இன்ஜின் சூட்டைத் தணிக்க இந்த வண்டிக்கு ஊற்றுகிற கூலன்ட் ரோஸ் மில்க் எசென்ஸ் மாதிரி கெட்டியான நிறத்தில் இருக்கும். டப்பாவில் இருந்தது, குடித்து முடித்த கிளாஸில் தண்ணீர் ஊற்றிக் கலக்கின மாதிரி வெளிறிப்போய் இருந்தது. யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம்.

"தண்ணி ஊத்துனியா சாமி?"

"இல்ல சாமி."

"பங்களா போர் தண்ணி உப்பு சாமி. அந்தத் தண்ணிய ஊத்துனா உள்ள கீற அலுமினியத்த அரிச்சிடும். சொல்லிடு. சொல்லிட்டா நான் கழுவி விட்டுடுவேன்."

அவர் ஒரு நிமிஷம் வண்டியைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து விழுங்கினார். "இல்ல சாமி, நான் ஊத்தல."

அந்த விழுங்கலை நான் பார்த்தேன். அதைப் பொய் என்று எடுத்துக்கொண்டேன். இருபது வருஷமாகப் பொய் பார்த்த கண் என்று எனக்கு ஒரு திமிர்.

பத்து மணிக்கு முதலாளி ஃபோன் செய்தார். "என்னங்க ப்ராப்ளம்?"

"தண்ணி ஊத்தியிருக்காங்க சார். டிரைவரு கவனமில்லாம வேல செஞ்சிருக்காரு."

அந்தப் பக்கம் ஒருமுறை தொண்டையைச் செருமினார். பிறகு, "ஓ. அப்படியா. சரி, நான் பார்த்துக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

புதன்கிழமை மதியம் டிரைவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஷெட்டுக்கு எதிரே டீக்கடை. அங்கே நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் வண்டியை ஜாக்கியில் ஏற்றி வைத்திருந்தேன்.

"சாமி, சாருகிட்ட நீ இன்னா சொன்ன?"

"உள்ளத சொன்னேன்."

"நாளைலேந்து வராதன்னுட்டாரு. சாவிய வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டுப் போன்னாரு. நாலு வருஷம் சாமி. ஒரு கீறலு இல்லாம வச்சிருந்தேன்."

எனக்குத் திக்கென்று இருந்திருக்க வேண்டும். இல்லை. நியாயம் நடந்த மாதிரிதான் இருந்தது. "தண்ணி ஊத்தச்சொல்ல அத்த யோசிச்சிருக்கணும் சாமி" என்றேன்.

"நான் ஊத்தலன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

"பின்ன யாரு ஊத்துனது? கடல்லேந்து மீனு எழுந்து வந்து ஊத்திட்டுப் போச்சா?"

டீக்கடையில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கொஞ்சம் ஊக்கம் கொடுத்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

"நான் கும்புட்ற சாமி மேல சத்தியமா ஊத்தல" என்றார் அவர்.

அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத மாட்டேன். அவர் கும்பிடுகிற சாமியை இழுத்து ஒரு வார்த்தை சொன்னேன். என் கழுத்தில் துளசிமணி மாலை, நெற்றியில் சந்தனம், அதோடு சொன்னேன். டீக்கடையில் சிரிப்பு நின்றது. கடைக்காரர் அடுப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

டிரைவர் என்னை நேராகப் பார்த்தார். "மாலை போட்டுகினு கீற. அதனால போறேன்" என்றார். அடுத்த பஸ்ஸுக்கு நிற்கவில்லை. நடந்தே போனார், இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு.

நான் வேலையைப் பார்த்தேன். பழைய கூலன்ட் முழுவதையும் இறக்கினேன். நல்ல தண்ணீர் விட்டு இரண்டு முறை அலசினேன். தெர்மோஸ்டாட் மாற்றினேன், இன்ஜின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்புகிற சின்ன வால்வு அது, வண்டி சூடானால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். புதுக் கூலன்ட் ஊற்றினேன். இன்ஜின் பின்னாலும் ரேடியேட்டர் முன்னாலும் இருக்கிற வண்டியில், குழாயின் நீளத்தில் எங்காவது காற்று தங்கிவிடும். வண்டியின் மூக்கைத் தூக்கி நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் காற்றை வெளியே எடுக்க வேண்டும். ஒரு முழு மதியம் எடுத்தேன். ஃபேனுக்கு நேராகக் கரென்ட் கொடுத்துப் பார்த்தேன், இரண்டும் சுற்றின.

வியாழக்கிழமை எடுத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன். திருக்கழுக்குன்றம் நெருங்கும் வரைக்கும் முள் பாதியில் நின்றது. நான் ஸ்டியரிங்கில் தட்டி "சாமியே சரணம்" என்றேன். ஊருக்குள் ஒரு லாரிக்குப் பின்னால் ஊர்ந்தபோது முள் எழுந்தது. ஒன்பதாவது கிலோமீட்டரில் சிவப்பு.

ஓரம்கட்டி நிறுத்திவிட்டு, டிரைவரைத் திட்டினேன். ஆளே இல்லாத இடத்தில், சத்தமாக. உப்புத் தண்ணீர் ரேடியேட்டருக்கு உள்ளே கட்டி பிடித்திருக்கும், அந்த மனுஷன் செய்த வேலைக்கு இனி ரேடியேட்டரையே மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தேன். கோபத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. ஒரு ஆள் மேல் விழுந்துவிட்டால், அது வேறு பக்கம் தேடாது.

வெள்ளிக்கிழமை காலை பூஜை முடித்துவிட்டு முன்பக்கப் பம்பரைக் கழற்ற உட்கார்ந்தேன். கடற்கரை வண்டி, ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டு, தட்டி, இரண்டு தலை உடைந்து, பம்பர் கையில் வர பதினொரு மணி ஆயிற்று. அதை அலுங்காமல் தூக்கி கயிற்றுக்கட்டில் மேல் வைத்தேன். திறப்புக்குப் பின்னால் முதலில் தெரிவது ஏசி கண்டென்சர், ஏசியின் சூட்டை வெளியே விடுகிற சல்லடைத் தகடு. அது சுத்தமாக இருந்தது, அதனால்தான் வெளியிலிருந்து டார்ச் அடித்தபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பின்னால், மேல்பக்கம் திறந்த ஒரு விரல் இடைவெளி விட்டு, ரேடியேட்டர். கண்டென்சரின் போல்ட்டைத் தளர்த்தி முன்னால் இழுத்தேன்.

ரேடியேட்டர் கண்ணிலேயே படவில்லை. அதன் மேல் கம்பளி மாதிரி ஒன்று படிந்திருந்தது. கம்பியை வளைத்து ஒரு ஓரத்தில் மாட்டி இழுத்தேன். பழைய போர்வையைப் பிய்த்த மாதிரி ஒரே துண்டாகக் கழன்று வந்தது. தரையில் போட்டு உதறினேன். கடற்கரை மணல். பங்களாவைச் சுற்றி நிற்கிற சவுக்கு மரத்தின் ஊசி இலை, கைகொள்ளாத அளவு. அவற்றையெல்லாம் விடாமல் பிடித்து வைத்திருந்தது வாழைநார். நாரில் காய்ந்து பழுப்பாகிப்போன சாமந்தி. நாருக்கு நடுவே பச்சை ஜிகினா.

ஜிகினாதான் காட்டிக்கொடுத்தது. மஞ்சள் சாமந்திக்குப் பச்சை ஜிகினா வைத்துக் கட்டச் சொல்லி, செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பூக்கடையில் நான் நின்று வாங்கின மாலை அது. ஆயுத பூஜைக்கு.

இந்த வண்டி அன்றைக்கு என் ஷெட்டில் சர்வீஸுக்கு நின்றது. எங்கள் ஷெட்டில் ஆயுத பூஜை அன்று நிற்கிற எந்த வண்டியும் பூ இல்லாமல் வெளியே போகாது. மற்ற வண்டிகளுக்கு பானெட்டில் மாட்டிவிடலாம். இதற்கு மாட்ட ஒரு கொம்பும் இல்லை, மூக்கு வழுக்குகிறது. அதனால் இரண்டு மாலை வாங்கி, அந்த இரண்டு வாயிலும் இருக்கிற கம்பியில், உள்ளே நுழைத்து, அவிழாமல் இருக்க நன்றாக இறுக்கிக் கட்டினேன். நானேதான் கட்டினேன். கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றி அனுப்பினேன்.

சக்கரம் ஏறும் முன்னால் டிரைவர் ஜன்னலை இறக்கிக் கேட்டார். அதுவும் இப்போது ஞாபகத்துக்கு வந்தது. "அண்ணாத்த, மாலை ரொம்ப கீழ கீது. வூட்டுக்குப் போயி கழட்டிடட்டுமா? உள்ள இழுத்துக்கப் போவுது."

நான் அதட்டினேன். "பூஜை மாலைய கையால கழட்டக் கூடாது. தானா உதிரணும்."

"சரி. உங்க சாமி விசயம், நான் கைய வைக்க மாட்டேன்" என்றார். வைக்கவும் இல்லை. தன் சாமி இல்லை என்றாலும், நான் சொன்னதற்காக, நாள்தோறும் வண்டியைத் துடைத்தவர் அந்த நாரை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறார். அது தானாக உதிர்ந்தது. ஃபேன் இழுத்த பக்கம் உதிர்ந்தது.

இதை வாசிக்கிறவர்கள், அந்த நிமிஷமே நான் தலையில் அடித்துக்கொண்டு சதுரங்கப்பட்டினத்துக்கு ஓடினேன் என்று நினைக்க வேண்டாம். முதலில் நான் செய்தது, ரோட்டைப் பார்த்தேன். யாரும் இல்லை. அந்தக் குப்பையைக் கூட்டி எரித்துவிட்டு, "எலை அடைச்சிருந்துச்சு சார், எடுத்துட்டேன்" என்று சொன்னால் விஷயம் முடிந்தது. அதில் பொய்கூட இல்லை. துடைப்பம் கையில் எடுத்தேன்.

அப்போதுதான் என் மனைவி சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தாள். தரையில் கிடந்ததைப் பார்த்தாள். குனிந்து ஜிகினாவை இரண்டு விரலால் எடுத்தாள்.

"சாமி, இது நம்ம மாலையாச்சே."

"தெரியுது."

"இதனாலயா வண்டி சூடாச்சு?"

"சாமிக்குப் போட்ட பூ வண்டியக் கெடுக்குமா?" என்று அவள்மேல் பாய்ந்தேன்.

"பூ எங்க கெடுத்துச்சு? வாயில வச்சு அடைச்சது நீ. மனுசன் வாயில வச்சு அடைச்சாலும் மூச்சு முட்டத்தான் செய்யும்." பாத்திரத்தைக் கட்டிலில் வைக்கப் போனாள், பம்பர் இருந்தது, ஸ்டூலில் வைத்தாள். "அந்த அண்ணன் அன்னிக்கே கேட்டாரு, கழட்டட்டுமான்னு. நான் ஆரத்தித் தட்ட வச்சுகினு நின்னேன். நீதான் அந்த ஆளு மேல வுழுந்த."

"சரி, போ."

"போறேன். டீக்கடை ஆளுங்க எதிர்ல நீ பேசுனதும் என் காதுல வுழுந்துச்சு. மலைக்குப் போறதுக்கு முன்னால அத்த இன்னா பண்ணப் போற?"

அவள் போய்விட்டாள். நான் சாப்பிடவில்லை. அவள்மேல் கோபம், பூக்கடைக்காரன்மேல் கோபம், இந்த மாதிரி திறந்த வாயோடு வண்டி செய்தவன்மேல் கோபம். எல்லாரையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அது என்னிடம் வந்து உட்கார்ந்தது. ஒரு மனுஷன் சத்தியம் செய்து சொல்கிறான், நான் அதை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. வண்டிக்கு ஐந்து நாள் செலவழித்த நான் அவர் பேச்சுக்கு ஐந்து நிமிஷம் கொடுக்கவில்லை. அவர் வீட்டு அடுப்பை நான் அணைத்துவிட்டு, ரேடியேட்டரைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

இடது பக்கத்தையும் கழற்றினேன். அங்கேயும் அதே கம்பளி, அதே பச்சை. இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்தேன். எரிக்கவில்லை. டிரைவருக்கு நாலு முறை ஃபோன் செய்தேன், எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு முதலாளி இன்னொரு காரில் வந்து இறங்கினார். அன்றைக்கு அவர்கள் நாலைந்து வண்டியாகப் பாண்டிச்சேரிக்குப் போகிற ஏற்பாடு. கூட்டாளிகள் மாமல்லபுரத்தில் காத்திருக்கிறார்கள் என்று வரும்போதே சொன்னார். மூக்கில்லாமல் நிற்கிற வண்டியைப் பார்த்ததும் முகம் மாறியது. "இன்னும் முடியலையா?"

"வேல முடிஞ்சுது சார். நேத்து பம்பரு இல்லாமலே லாரிக்குப் பின்னால ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன், முள்ளு பாதியத் தாண்டல. ஒடஞ்ச ஸ்க்ரூவுக்குப் புதுசு இப்பதான் வந்துச்சு, பம்பரு மாட்டணும், அரை மணி நேரம். அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும்." பையைத் திறந்து காட்டினேன். ஆயுத பூஜையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். டிரைவர் கழற்றட்டுமா என்று கேட்டதையும், நான் கூடாது என்றதையும் சேர்த்துச் சொன்னேன். "தப்பு என்னுது சார். அவருது இல்ல."

அவர் பைக்குள் பார்த்துச் சிரித்துவிட்டார். "பூவா? சரி விடுங்க. கார் சரியாயிடுச்சு இல்ல?"

"டிரைவரு சார்."

"ஏஜென்சியில வேற ஆள் சொல்லியிருக்கேன். நாளைக்கு வந்துடுவான்."

"சார், அவர் தண்ணி ஊத்துனாருன்னு நான் சொன்னதுதானே சார் காரணம். அவர் ஊத்தலன்னு சத்தியம் பண்றாரு. போர் தண்ணி மாதிரியும் தெரியல, உள்ள உப்புக் கட்டி ஒண்ணும் இல்ல."

"அட, தண்ணி ஊத்தினது நான்தாங்க." கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கோவளத்துக்கிட்ட கொதிச்சு நின்னுடுச்சு. வண்டியில குடிக்கிற தண்ணி ரெண்டு பாட்டில் இருந்தது, ஊத்திட்டேன். அது தப்பா?"

ஸ்பானரைக் கீழே வைத்தேன், கையில் இருக்கக் கூடாது என்று. "தண்ணி ஊத்தியிருக்காங்கன்னு நான் ஃபோன்ல சொன்னப்ப ஏன் சார் சொல்லல?"

"நீங்க டிரைவர்தான்னு அவ்வளவு உறுதியா சொன்னீங்க. ஒருவேளை அவனும் ஊத்தியிருப்பான்னு நினைச்சேன். நீங்கதானே எக்ஸ்பர்ட்."

அவர் ஒரு மனுஷனைத் தூக்கி எறிய என் வாயைக் கருவியாக எடுத்துக்கொண்டார். வாயைக் கொடுத்தது நான். அவர்மேல் வந்த கோபம் பாதி வழியில் என்மேல் திரும்பி, மறுபடி அவர்மேல் போனது. சத்தியமாகச் சொல்கிறேன், மாலை மட்டும் கழுத்தில் இல்லையென்றால் அன்றைக்கு வேறு மாதிரி ஆகியிருக்கும். ஐயப்பா என்று ஒருமுறை மூச்சை இழுத்து விட்டேன்.

"அவருக்கு ஃபோன் போடுங்க சார். இப்ப, என் எதிர்ல."

"என்ன, மிரட்டறீங்களா?"

"விரதத்துல கீறேன் சார், மிரட்ட மாட்டேன். பம்பரு மாட்ட மாட்டேன், அவ்ளோதான்."

போய்க் கட்டிலில், பம்பருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவர் ரோட்டுக்கும் ஷெட்டுக்குமாக நடந்தார். கூட்டாளிகள் இரண்டு முறை கூப்பிட்டார்கள். மூன்றாவது முறை கூப்பிட்டபோது, "பத்து நிமிஷம்" என்று சொல்லி வைத்துவிட்டு, டிரைவருக்குப் போட்டார்.

"ஸ்பீக்கர்ல போடுங்க சார்."

போட்டார். டிரைவர் தேவாலயத்திலிருந்து வெளியே வந்திருக்க வேண்டும், பின்னால் பாட்டுச் சத்தம் கேட்டது. முதலாளி பேசினார். "ஒரு மிஸ்அண்டர்ஸ்டாண்டிங் ஆயிடுச்சுப்பா. மெக்கானிக் கண்டுபிடிச்சுட்டார், உன் மேல தப்பு இல்ல. வேலைக்கு வந்துடு."

"தண்ணிய நீங்க ஊத்துனத சொல்லுங்க சார்" என்றேன்.

முறைத்தார். பிறகு சொன்னார். "தண்ணி நான்தான் ஊத்தினேன்."

அந்தப் பக்கம் பாட்டுச் சத்தம் விலகிப் போனது. பிறகு டிரைவர் குரல், அமைதியாக. "அது எனக்கு அப்பவே தெரியும் சார். காலி பாட்டிலு ரெண்டும் சீட்டுக்குக் கீழதான் கெடந்துச்சு. நான்தான் எடுத்துப் போட்டேன்."

முதலாளி ஃபோனைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அன்றைக்கு டிரைவர் விழுங்கினது இதைத்தான். தனக்குச் சோறு போடுகிறவரை ஒரு மெக்கானிக்கிடம் காட்டிக்கொடுக்க மனசில்லாமல் விழுங்கியிருக்கிறார். வேலை போனபோதும் அதை என்னிடம் சொல்லவில்லை. நான் அதைப் பொய் என்று வாசித்தேன்.

"தம்பி," என்று ஃபோனைப் பார்த்துச் சொன்னேன், "கோளாறு என்னுது. நான் கட்டுன மாலைதான் அடைச்சுது. நீ கழட்டட்டுமான்னு கேட்ட, நான்தான் வேணாம்ன்னேன்."

அவர் முதலாளியிடம்தான் பேசினார். "வேலைக்கு வர்றேன் சார். பெரியவ படிப்பு முடியணும். ஆனா ஒண்ணு. இனிமே வண்டிய அந்த ஷெட்டுக்கு நான் எடுத்துகினு போவ மாட்டேன். வேற எடம் பார்த்துக்கலாம்."

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். எந்த வண்டியை வைத்து என் ஷெட்டுக்குப் பேர் வந்ததோ, அந்த வண்டி.

"சரின்னு சொல்லுங்க சார்" என்றேன்.

சொன்னார். பம்பரை எடுத்து மாட்ட ஆரம்பித்தேன். அவருக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. வந்த காரிலேயே மாமல்லபுரம் போய்விட்டார், டிரைவர் வந்து எடுத்துக்கொண்டு வரட்டும் என்று ஃபோனில் சொல்லிவிட்டு. உடைந்த இரண்டு ஸ்க்ரூவுக்கும் புதுசு போட்டேன். இரண்டு வாயையும் துணியால் துடைத்தேன். பூ வைக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு டிரைவர் வந்தார், தேவாலயத்துக்குப் போன அதே வெள்ளைச் சட்டையில். ஷெட்டுக்குள் வரவில்லை. ரோட்டோரமாக நின்றார். நான் வண்டியை வெளியே எடுத்து அவர் பக்கத்தில் நிறுத்தி இறங்கினேன். டீக்கடையில் அன்றைக்கு இருந்த ஆட்களில் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். "அன்னிக்கு உன் சாமியப் பத்தி நான் பேசுனது தப்பு. மன்னிச்சுடு."

"அத்த வுடு" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. என்னை அண்ணாத்த என்றும் கூப்பிடவில்லை, சாமி என்றும் கூப்பிடவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு குனிந்து உட்கார்ந்தார், இடுப்புக்கு ஒரு கையைக் கொடுத்து. "முள்ளு எங்க நிக்கணும்?"

"பாதில."

"தாண்டுனா?"

"ஓரங்கட்டி நிறுத்திடு. ஆறுற வரிக்கும் மூடியத் தொறக்காத."

"அப்பால யாருக்கு ஃபோன் பண்றது?"

எனக்கு என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. சென்னையில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் ஊரப்பாக்கத்தில் ஷெட் வைத்திருக்கிறார், கை சுத்தமான ஆள். அவருடைய நம்பரைச் சொன்னேன். டிரைவர் ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். கடைசி இரண்டு எண்ணைத் திரும்பக் கேட்டார், சொன்னேன். சரிபார்த்து வைத்துக்கொண்டு, ஜன்னலை ஏற்றினார்.